வெள்ளியா, செம்பா?

பொன், வெள்ளி, செம்பு, இரும்பு, ஈயம் என்று ஐம்பொன்னை வரிசைப்படுத்துவது தமிழர் வழக்கு. அவ்வரிசையில் வெள்ளிக்கு இரண்டாம் இடம். செம்புக்கு மூன்றாம் இடம். மின்சாரமோ அந்த வரிசையை ஏற்பதில்லை. மின்னைக் கடத்தும் ஆற்றலில் வெள்ளி முதலாவது, செம்பு இரண்டாவது; பொன்னுக்கு மூன்றாம் இடமே கிடைக்கின்றது. இந்த ஓர் உண்மையைப் பற்றிக்கொண்டு, வீட்டில் இசை கேட்கும் கருவிக்கு வெள்ளிக் கம்பியே வேண்டும் என்று சொல்வோர் இன்று பலர். அச்சொல்லில் மெய் எவ்வளவு, மயக்கம் எவ்வளவு என்று ஆராய்ந்து பார்த்தல், உழைத்துச் சேர்த்த பணத்தைச் செலவிடப்போகும் குடும்பங்களுக்குப் பயன் தருவதாகும்.

மலையகத்துக் குடும்பமொன்றை எண்ணிப் பாருங்கள். அட்டனுக்கு அண்மையிலுள்ள தோட்டத்தில், தேயிலைத் தொழிற்சாலையில் நெடுங்காலம் உழைத்து ஓய்வு பெற்ற பெரியவர் ஒருவர். அவருடைய தந்தையார் காமன் கூத்திற் பாடியவர். அந்தக் குரலும், கூடவே எழுந்த தப்பின் முழக்கமும் பழைய ஒலிநாடா ஒன்றில் எஞ்சியிருக்கின்றன. கொழும்பில் வேலை பார்க்கும் மகன் அதனைப் புதிதாகப் பதிவு செய்து, அம்ப்ளிபயர் ஒன்றையும் இரண்டு ஸ்பீக்கர் பெட்டிகளையும் வாங்கி வந்திருக்கிறான். இவற்றை இணைக்கும் கம்பி மட்டுமே பாக்கி.

"அப்பா, வெள்ளிக் கம்பி போட்டால்தான் தாத்தாவின் குரல் தெளிவாகக் கேட்குமாம், கடையிற் சொன்னார்கள்" என்கிறான் மகன்.

பெரியவரிடம் இருப்பது சேமலாப நிதியில் மிஞ்சிய தொகை. பேத்தியின் உயர்தர வகுப்புப் படிப்புக்கென்று அதை ஒதுக்கி வைத்திருக்கிறார். 2021ஆம் ஆண்டில் தோட்டத் தொழிலாளரின் நாட்சம்பளம் 1000 ரூபா என்று நிர்ணயிக்கப்பட்டதே நெடிய போராட்டத்தின் பின்னர்தான். அத்தகைய வாழ்க்கையிற் சேர்ந்த பணம் அது. ஆயினும், தந்தையின் குரலுக்கு வெள்ளி போடத் தயங்குவது நன்றிகெட்ட செயலாகுமோ என்ற எண்ணமும் அவரை வாட்டுகின்றது. பேத்தியின் படிப்பா, தந்தையின் குரலா என்னும் தராசில் அவருடைய மனம் ஊசலாடுகின்றது.

இனி, அறிவியல் கூறுவதைக் கேட்போம். செம்பின் கடத்தும் ஆற்றலை 100 என்று வைத்து மற்ற உலோகங்களை அளக்கும் முறை 1913ஆம் ஆண்டில் உலகப் பொது அளவாக ஏற்கப்பட்டது. அந்த அளவின்படி வெள்ளி ஏறத்தாழ 106, பொன் 70, அலுமினியம் 61. வெள்ளி உயர்ந்ததே, அதில் ஐயமில்லை. ஆனால் உயர்வு நூற்றுக்கு ஆறு பங்கு மட்டுமே. விலையிலோ, எடைக்கு எடை, வெள்ளி செம்பைப்போல் ஏறக்குறைய நூறு மடங்கும் அதற்கு மேலும் ஆகின்றது. ஆறு பங்கு நன்மைக்கு நூறு மடங்கு விலை!

அந்த ஆறு பங்கையும் வேறு வழியிற் பெற முடியாதா? முடியும். ஒடுங்கிய வாய்க்காலிலும் அகன்ற வாய்க்காலில் தண்ணீர் எளிதாக ஓடுவதுபோல, மெல்லிய கம்பியிலும் தடித்த கம்பியில் மின்சாரம் எளிதாக ஓடும். பெட்டி 3 மீற்றர் தொலைவில் இருக்கிறதென்று கொள்வோம். மின்சாரம் போய்த் திரும்ப வேண்டுமாதலால் கம்பியின் நீளம் 6 மீற்றர். 1.5 சதுர மில்லிமீற்றர் பருமனுள்ள செம்புக் கம்பியானால் அதன் தடை ஏறத்தாழ 0.07 ஓம். அதே பருமனில் வெள்ளியானால் 0.064 ஓம். செம்பையே 2.5 சதுர மில்லிமீற்றராகத் தடிப்பித்தாலோ 0.041 ஓமாகக் குறைந்துவிடும். சற்றுத் தடித்த செம்பு மெல்லிய வெள்ளியை வென்றுவிடுகின்றது. மேலும், வீடுகளில் உள்ள ஸ்பீக்கரின் தடை பெரும்பாலும் 8 ஓம் என்று குறிக்கப்படும். அந்த எட்டின் முன்னே, வெள்ளிக்கும் செம்புக்கும் இடையிலுள்ள வேறுபாடு ஓர் ஓமின் ஆயிரத்தில் ஐந்தாறு கூறு மட்டுமே.

இன்னும் ஒன்று. ஸ்பீக்கரின் உள்ளே கூம்பை அசைக்கும் சுருள் எதனால் ஆனது? பெரும்பாலும் மெல்லிய செம்புக் கம்பியால்; சிலவற்றில் அலுமினியத்தால். அம்ப்ளிபயரின் உள்ளே இருக்கும் மின்மாற்றியின் சுற்றுகளும் அத்தகையனவே. வழியெல்லாம் செம்பில் நடந்து, இறுதியிலும் செம்புக்குள்ளேயே புகப்போகும் ஒலிக்கு, இடையில் மூன்று மீற்றர் தூரம் வெள்ளிப் பாதை விரிப்பதால் விளையும் பயன் என்ன?

பொறியியலாளர் ஓர் உலோகத்தின் பெருமையைப் பார்த்து அதனைத் தெரிவதில்லை. தேவையையும் செலவையும் பார்த்தே தெரிகின்றனர். 1950ஆம் ஆண்டில் லக்சபான நீர்மின் நிலையம் இயங்கத் தொடங்கிய மலைநாடு இது. இன்று தேயிலை மலைகளுக்கு மேலாகச் செல்லும் உயர் அழுத்தக் கம்பிகளில் மின்னைத் தாங்கிச் செல்வது பெரும்பாலும் அலுமினியமே. கடத்துவதிற் குறைந்ததாயினும் அது இலேசானது, மலிவானது. குறையைப் பருமனால் ஈடுசெய்துவிடலாம். இதற்கு மாறாக, வெள்ளியைப் பெருமளவில் மின்கம்பியாக்கிய கதையும் உண்டு. இரண்டாம் உலகப் போரின்போது, 1942ஆம் ஆண்டில், ஐக்கிய அமெரிக்காவின் அணுகுண்டுத் திட்டத்துக்கு மாபெரும் மின்காந்தங்கள் வேண்டியிருந்தன. போரினாற் செம்புக்குத் தட்டுப்பாடு. எனவே அரசாங்கக் கருவூலத்திலிருந்து 13,000 தொன்னுக்கும் மேற்பட்ட வெள்ளியைக் கடனாகப் பெற்றுச் சுருள்கள் செய்தனர். கடைசிப் பகுதி 1970ஆம் ஆண்டிலேயே திருப்பிக் கொடுக்கப்பட்டது. செம்பு கிடைக்காமையால் வெள்ளியை நாடினார்களேயன்றி, செம்பு போதாதென்று நாடவில்லை.

வானொலி அனுப்பும் கருவிகளிற் சில சுருள்களுக்கு வெள்ளி முலாம் பூசுவார்களே என்று கேட்கலாம். நல்ல கேள்வி. அங்கே மின்சாரம் ஒரு நொடியில் இலட்சக்கணக்கான முறை திசைமாறுவதால், அது உலோகத்தின் மேற்றோலில் மட்டுமே ஓடுகின்றது; ஆகவே மேற்பூச்சுக்கு மதிப்புண்டு. மனிதச் செவிக்கு எட்டும் ஒலியோ நொடிக்கு 20,000 அதிர்வுக்குள் அடங்கிவிடும். மெல்லிய இழைகளை முறுக்கிச் செய்த கம்பியில் அந்த ஒலி இழையின் உட்புறத்தையும் பயன்படுத்திக்கொள்கின்றது. அங்குள்ள நியாயம் இங்குப் பொருந்தாது.

அப்படியானால் மலைநாட்டு வீட்டில் கவனிக்க வேண்டியது யாது? முதலாவது, மெய்யான செம்பு. மேலே செம்பு பூசி உள்ளே அலுமினியம் வைத்த கம்பியும் சந்தையில் உண்டு. இழையின் வெட்டுவாயைக் கத்தியாற் சுரண்டிப் பாருங்கள். உட்புறம் சிவந்திருந்தால் செம்பு, வெளுத்திருந்தால் அலுமினியம். இரண்டாவது, இணைப்பு. நுவரெலியாவின் பனியும் ஈரமும் எந்த உலோகத்தையும் சும்மா விடுவதில்லை. செம்பு கறுத்துப் பச்சை பூக்கும். வெள்ளியும் காற்றிலுள்ள கந்தகத்தாற் கறுக்கும். கறுத்த நுனியை வெட்டி நீக்கி, புதிதாகத் தோலுரித்து, திருகை இறுக்கிவிட வேண்டும். கரகரப்பு என்று கேட்பது பலவேளை தளர்ந்த திருகின் குற்றமே. மூன்றாவது, பெட்டிகளை வைக்கும் இடம். வெறுஞ்சுவரும் தகரக் கூரையும் உள்ள அறையில் ஒரு தடித்த திரைச்சீலை செய்யும் நன்மையை எந்த வெள்ளியும் செய்யாது.

இவ்வளவுக்குப் பின்னும் ஐயம் தீராதவர்கள் ஒரு சோதனை செய்யலாம். கம்பிகள் தெரியாதவாறு துணியால் மறைத்து, ஒருவர் பத்து முறை முன்பின்னாக மாற்றி மாட்டட்டும். மற்றவர் ஒலியின் அளவை மாற்றாது கேட்டு, எது எதுவென்று சொல்லட்டும். பாதிக்குப் பாதி சரியாக வந்தால், அது காசைச் சுண்டிப் போட்டுச் சொல்லியதற்கு ஒப்பாகும். விலையைக் கண் அறிந்திருக்கும்போது செவியும் அதற்கு இசைந்துவிடும். கண்ணை மறைத்தபின் செவி சொல்வதே சாட்சி.

நேயர்களே, அட்டனிலுள்ள அந்தப் பெரியவர் தடித்த செம்புக் கம்பியை வாங்கி, இணைப்பை இறுக்கி, பெட்டிகளுக்குப் பின்னே ஒரு திரையையும் தொங்கவிடட்டும். மாலையிற் பேத்தி பாடப் புத்தகத்தை மூடிவிட்டு வந்து பக்கத்தில் அமரும்போது, பூட்டனின் குரலும் தப்பின் முழக்கமும் குறைவின்றிக் கேட்கும். அவளுடைய படிப்புப் பணமும் குறைவின்றி இருக்கும். தந்தைக்குச் செய்யும் நன்றியும் பேத்திக்குச் செய்யும் கடமையும் ஒன்றையொன்று தடுக்க வேண்டியதில்லை என்பதைச் செம்பு காட்டிவிடும்.