சொல்லிவிட்டுப் போவோம், சொன்னபடி வருவோம்

(வானொலியில் ஒலிபரப்பான மறையுரைச் சிந்தனை)



ஜூன் மாதம் பள்ளிகள் திறந்தாயிற்று. காலை ஒன்பது மணிக்கு அங்கன்வாடி வாசலிலும் எல்.கே.ஜி. வகுப்பு வாசலிலும் ஒரே அழுகைச் சத்தம். மூன்று, நான்கு வயதுப் பிள்ளைகள் அம்மாவின் முந்தானையைப் பிடித்துக்கொண்டு விட மறுக்கிறார்கள். வேலைக்குப் போகிற பேருந்துக்கு நேரமாகிறது. நாம் என்ன செய்கிறோம்? "அங்கே பார், காக்கா!" என்று கை காட்டுகிறோம். பிள்ளை அந்தப் பக்கம் திரும்பியதும் நழுவிவிடுகிறோம்.

அப்போதைக்கு வேலை முடிந்ததுபோல்தான் தெரிகிறது. ஆனால், மாலையில் வீட்டுக்கு வந்த பிள்ளை, நாம் கொல்லைப்புறம் போனாலும் பின்னாலேயே வருகிறது. இரவில் தூக்கத்திலும் நம்மைத் தடவிப் பார்க்கிறது. கண்ணை எடுத்தால் அம்மா காணாமல் போய்விடுவார் என்று அதற்குக் கற்றுக்கொடுத்தவர்கள் நாம்தானே?

அந்த அழுகையை நாம் அடம் என்கிறோம். அது அடம் அல்ல, பாசம். ஏறக்குறைய எட்டு மாதம் ஆனதுமே, தாயைப் பிரிந்தால் குழந்தை கலங்கத் தொடங்குகிறது. தன்னைக் காப்பவர் யார் என்று அது அடையாளம் கண்டுகொண்டதன் அறிகுறி அது. மூன்று வயதிலும் அந்தக் கலக்கம் முழுவதும் போய்விடுவதில்லை. பிள்ளைக்குக் கடிகாரம் தெரியாது. 'மாலை' எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்பதும் அதற்குப் புரியாது. அதற்குத் தெரிந்ததெல்லாம் அம்மா இருக்கிறார் அல்லது இல்லை என்பதுதான்.

அன்புக்குரியவர்களே, நம் ஆண்டவர் எப்படிப் பிரிந்தார் என்று எண்ணிப் பார்ப்போம். யோவான் நற்செய்தி 14ஆம் அதிகாரத்தில், இறுதி இரவுணவின்போது அவர் தம் சீடர்களிடம் எல்லாவற்றையும் முன்னரே சொல்லிவிடுகிறார். தாம் போவதையும், எதற்காகப் போகிறார் என்பதையும், திரும்ப வருவதையும் சொல்கிறார். அவர்களை அநாதைகளாக விடப்போவதில்லை என்று உறுதி கூறுகிறார். அவர்களுக்குத் துயரம் வரும் என்பதை அவர் மறைக்கவில்லை. அந்தத் துயரம் மகிழ்ச்சியாக மாறும் என்றும் சொன்னார். உயிர்த்தெழுந்து வந்து அந்தச் சொல்லைக் காப்பாற்றினார்.

நம் வழக்கத்திலும் இது உண்டு. வீட்டை விட்டுக் கிளம்பும்போது "போகிறேன்" என்று சொல்ல மாட்டோம். "போயிட்டு வாரேன்" என்போம். வெறுமனே "போறேன்" என்றால் பாட்டிமார் கோபித்துக்கொள்வார்கள். பெரியவர்களிடம் காட்டுகிற இந்த மரியாதையைப் பிள்ளையிடமும் காட்டுவோம். அழுதாலும் பரவாயில்லை, சொல்லிவிட்டே போவோம்.

எப்படிச் சொல்வது? பிள்ளையின் உயரத்துக்குக் குனிந்து, கண்ணைப் பார்த்துச் சொல்வோம். "சோறு சாப்பிட்டு, தூங்கி எழுந்து, மணி அடித்ததும் அம்மா இந்த வாசலில் நிற்பேன்" என்றால் அதற்குப் புரியும். நெற்றியில் சிலுவை அடையாளம் வரைந்து, ஒரு முத்தம் கொடுத்து, கையை ஆசிரியையின் கையில் ஒப்படைப்போம். பிறகு கிளம்பிவிட வேண்டும். சன்னல் ஓரம் மறைந்து நிற்பதும், திரும்பி வந்து தூக்குவதும் அழுகையை நீட்டிக்கவே செய்யும். பெரும்பாலான பிள்ளைகள் நாம் போன சில நிமிடங்களில் சமாதானமாகிவிடுகிறார்கள். "இதோ அஞ்சே நிமிஷத்துல வாரேன்" என்று பொய் சொல்ல வேண்டாம். தாத்தாதான் அழைக்க வருவார் என்றால் அதையும் காலையிலேயே சொல்லிவிடுவோம். சொன்ன நேரத்துக்குத் தவறாமல் போய் நிற்போம்.

சாமுவேலின் தாய் அன்னாவும் நமக்குத் துணை நிற்கிறார். பால்குடி மறந்த மகனைச் சீலோவில் இருந்த ஆண்டவரின் இல்லத்தில், குரு ஏலியிடம் விட்டு வந்தவர் அவர். விட்டதோடு மறந்துவிடவில்லை. ஆண்டுதோறும் பலி செலுத்தப் போகும்போது, மகனுக்கு ஒரு சிறிய மேலாடை தைத்து எடுத்துச் சென்றார் என்கிறது 1 சாமுவேல் 2ஆம் அதிகாரம். அந்த ஆடையைப் போடும்போதெல்லாம் அம்மாவின் நினைவு வந்திருக்கும் அல்லவா? நாமும் நம் கைக்குட்டை ஒன்றைப் பிள்ளையின் பையில் வைத்து அனுப்பலாம்.

சில பேச்சுகளை நாம் இன்றோடு நிறுத்திவிட வேண்டும். "அழுதால் டீச்சர் அடிப்பாங்க", "போலீஸ் பிடிச்சுக்கும்", "ஆம்பளப் பிள்ளை அழலாமா?" என்பவை அவை. உறவினர்கள் வேடிக்கைக்காக, "உன்னைத் தவிட்டுக்குத்தானே வாங்கினோம்" என்கிறார்கள். நமக்குச் சிரிப்பு வருகிறது. பிள்ளை அதை நம்பிவிடுகிறது.

வெளிநாட்டில் வேலை பார்க்கும் தந்தையரையும் நினைக்கிறோம். பிள்ளை அழுமே என்று, அது தூங்கும்போதே விமான நிலையத்துக்குக் கிளம்பிவிடுகிறார்கள். காலையில் எழுந்த பிள்ளை வீடு முழுவதும் அப்பாவைத் தேடுகிறது. அந்தப் பிள்ளை பள்ளி வாசலில் இன்னும் இறுக்கமாகப் பற்றிக்கொள்வதில் வியப்பு என்ன? அப்பாவும் சொல்லிவிட்டே போகட்டும். சேர்ந்து அழுதாலும் அது நல்லதே.

சில வாரங்களில் பெரும்பாலான பிள்ளைகள் பழகிவிடுவார்கள். காய்ச்சலுக்குப் பிறகோ, நீண்ட விடுமுறைக்குப் பிறகோ அழுகை மீண்டும் வரலாம். அது இயல்புதான். ஆனால், நான்கு வாரங்களைக் கடந்தும் தணியாமல், தினமும் வயிற்றுவலி, வாந்தி, தூக்கமின்மை என்று தொடர்ந்தால், குழந்தைகள் நல மருத்துவரைப் பார்க்கத் தயங்க வேண்டாம். பள்ளியில் யாராவது பயமுறுத்துகிறார்களா என்றும் பொறுமையாகக் கேட்டறிவோம்.

அன்புக்குரியவர்களே, "அம்மா சொன்னால் வருவார்" என்று நம்பக் கற்றுக்கொள்ளும் பிள்ளைக்கு, ஆண்டவர் சொன்னால் செய்வார் என்று நம்புவது எளிதாகிறது. மறைக்கல்வி வகுப்புக்கு முன்பே, பள்ளி வாசலில் நாம் கற்பிக்கும் விசுவாசப் பாடம் இது.

செபிப்போம்: அன்புத் தந்தையே, இன்று காலை அழுதுகொண்டே பள்ளிக்குப் போன எல்லாக் குழந்தைகளையும், அவர்களை விட்டுவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டு வேலைக்குப் போன எல்லா அன்னையரையும் உமது கரத்தில் ஒப்படைக்கிறோம். பிள்ளைகளுக்குக் கொடுத்த வாக்கைக் காக்கும் மனத்தை எங்களுக்குத் தாரும். மாலையில் எல்லாரையும் மகிழ்ச்சியோடு ஒன்றுசேர்த்தருளும். ஆமென்.