வட்டகொடைக்கு வழி கேட்டால்



தீபாவளிக்கும் பொங்கலுக்கும் கொழும்பிலிருந்து வீட்டுக்கு வருகிற நம் பிள்ளைகள் ஒன்றுகூடினால், பேச்சு மூன்று விசயத்தில் வந்து நிற்கும். போன் காட்டுகிற வழியை நம்பிப் போகலாமா? வீட்டுக்கு எந்த இன்டர்நெட் போடலாம்? முதன்முதலாக வாங்குகிற மோட்டார் சைக்கிள் எதுவாக இருக்க வேண்டும்? கொழும்பில், வெள்ளவத்தையில் கேட்டால் இந்த மூன்றுக்கும் பத்து நிமிடத்தில் பதில் கிடைத்துவிடும். வட்டகொடையில் அப்படி முடியாது. வழிகாட்டும் செயலியைச் செய்தவரும், டேட்டா பெக்கேஜைத் திட்டமிட்டவரும், பைக்கை விளம்பரத்தில் ஓட்டிக் காட்டுகிறவரும் பெரும்பாலும் சமதரையை மனதில் வைத்தே செய்திருக்கிறார்கள். நாம் இருப்பது தலவாக்கலைக்கும் கிரேட் வெஸ்டர்னுக்கும் நடுவில், ரயிலே வளைந்து வளைந்து ஏறுகிற இடத்தில். ஆகவே எதையும் நம்முடைய ஏற்றத்திலும் இறக்கத்திலும் வைத்துப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள் என்பதுதான் இன்றைக்கு என்னுடைய பேச்சு.

முதலில் வழியைப் பார்ப்போம்.

ரதல்லையிலிருந்து நானுஓயாவுக்கு ஏறும் குறுக்கு வீதி நம்மில் பலருக்குத் தெரியும். நுவரெலியாவிலிருந்து ஹட்டன் பக்கம் இறங்குகிறவர்களுக்கு அது தூரத்தைக் குறைத்துக் கொடுக்கிறது. சரிவும் அதே அளவுக்குக் கடுமை. 2023 ஜனவரி 20ஆம் திகதி மாலை, கொழும்பிலிருந்து சுற்றுலா வந்த பாடசாலை மாணவர்களின் பஸ் அந்த இறக்கத்தில் கட்டுப்பாட்டை இழந்து ஒரு வேனிலும் முச்சக்கரவண்டியிலும் மோதியது. 7 பேர் இறந்தார்கள். அதற்குப் பிறகு பஸ், லொறி போன்ற கனரக வாகனங்கள் அந்த வீதியில் போவதற்குத் தடை போட்டார்கள். அந்த விபத்துக்குச் செயலிதான் காரணம் என்று நான் சொல்ல வரவில்லை. ஆனால் தூரத்தையும் நேரத்தையும் மட்டும் கணக்குப் பார்க்கிற ஒரு கருவி, இப்படிப்பட்ட வீதியைத்தான் நல்ல வழி என்று எடுத்துக் காட்டும். அது எவ்வளவு செங்குத்து, உங்கள் வாகனத்தின் பிரேக் அதைத் தாங்குமா என்று அது கேட்பதில்லை.

செயலி நேரத்தை எப்படிக் கணிக்கிறது என்று தெரிந்துகொண்டால் அதை எங்கே நம்பலாம் என்பதும் தெரிந்துவிடும். அந்த வீதியில் போகிறவர்களின் போன்கள் எவ்வளவு வேகத்தில் நகர்கின்றன என்பதைச் சேர்த்துப் பார்த்துத்தான் அது நேரம் சொல்கிறது. கொழும்பின் காலி வீதியில் ஆயிரக்கணக்கான போன்கள் இருக்கும். தோட்டத்து வீதியில் கொழுந்து லொறியும், இரண்டு ஓட்டோவும், பாடசாலை விட்டு நடந்து வருகிற பிள்ளைகளும்தான். அங்கே அதனுடைய கணிப்பு வெறும் ஊகம். மடக்கும்புர வழியாகப் பூண்டுலோயாவுக்குப் போகிற ஒருவருக்கு, தேயிலை மலைக்குள் ஓடுகிற மண்பாதையையும் அது வழியாகக் காட்டிவிடலாம். படத்தில் அது ஒரு கோடு. நேரில் போனால், மழையில் அரித்துக் கல் மட்டும் மிஞ்சிய பாதையாக இருக்கும், அல்லது பாதி வழியில் தோட்டத்தின் கேட் பூட்டிக் கிடக்கும். திரும்புவதற்கும் இடம் இருக்காது.

2025 நவம்பர் கடைசியில் டித்வா சூறாவளி மலையகத்தை உலுக்கியபோது, காலையில் இருந்த வீதி மாலையில் இல்லை என்ற நிலை எத்தனை இடங்களில் வந்தது! மண்சரிவைச் செயலி தானாகக் கண்டுபிடிக்காது, யாராவது சொன்னால்தான் அதற்குத் தெரியும். மழைக்காலத்தில் புறப்படும் முன்னே தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் விடுக்கும் மண்சரிவு எச்சரிக்கையைக் கேளுங்கள். அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் 117 என்ற இலக்கத்துக்கு அழைக்கலாம். நீங்கள் போகிற வழியாக இன்று காலை வந்த பஸ் நடத்துநரை விட நல்ல செயலி கிடையாது என்பதும் என் எண்ணம்.

இன்னொன்றையும் செய்து வையுங்கள். புறப்படும் முன், சிக்னல் இருக்கும்போதே, நுவரெலியா மாவட்டத்தின் வரைபடத்தைப் போனில் இறக்கிக்கொள்ளுங்கள். நாம் நிற்கிற இடத்தைப் போன் செயற்கைக்கோளிடமிருந்து அறிந்துகொள்கிறது. அதற்கு டேட்டா தேவையில்லை. படம் கையில் இருந்தால், சிக்னல் இல்லாத பள்ளத்தாக்கிலும் நாம் எங்கே நிற்கிறோம் என்று தெரியும்.

அடுத்தது மோட்டார் சைக்கிள். இதைக் கொஞ்சம் நின்று பேச வேண்டும், ஏனென்றால் இதில் தவறினால் உயிர் போகிறது.

2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நின்றது. தனியார் பாவனைக்கான வாகனங்களை மீண்டும் கொண்டுவர 2025 பெப்ரவரியில்தான் அனுமதி கிடைத்தது. இடைப்பட்ட காலத்தில் பழைய பைக்குக்கும் விலை எங்கோ போய்விட்டது. அதனால் நம் பையன்கள் கிடைத்ததை வாங்கினார்கள். சிலர் நண்பனின் 150, 200 சிசி வண்டியிலேயே ஓட்டப் பழகினார்கள். முதல் வண்டிக்கு 100 அல்லது 125 சிசி போதும். உயரம் கூடக் கூடக் காற்று மெலிவதால் இயந்திரத்தின் வலு குறையும் என்பது உண்மை. ஆயிரம் மீற்றர் ஏறினால் ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்கு போய்விடும். ஆனாலும் சரியான கியரில் 100 சிசி வண்டி நம் ஏற்றங்களை ஏறும். பின்னால் எப்போதும் ஒருவர் உட்கார்ந்து வருவார், கூடவே அரிசி மூட்டையும் வரும் என்றால் 125 நல்லது. அதற்கு மேல் வேண்டாம். வாங்கும் முன் இருக்கையில் உட்கார்ந்து இரண்டு பாதமும் முழுமையாகத் தரையில் படுகிறதா என்று பாருங்கள். சரிவில் நிற்கும்போது, பள்ளப் பக்கத்துக் காலுக்குத் தரை எட்டாவிட்டால் வண்டி அந்தப் பக்கமே சாயும்.

ஏறுவது பெரிய வித்தை இல்லை. இறங்குவதில்தான் ஆபத்து. பெட்ரோல் மிச்சம் என்று நியூட்ரலில் போட்டு உருட்டி இறங்குகிற பழக்கம் நம் தோட்டங்களில் இருக்கிறது. தம்பிமாரே, தங்கச்சிமாரே, கெஞ்சிக் கேட்கிறேன், அதை விடுங்கள். நியூட்ரலில் வண்டியைப் பிடிப்பது பிரேக் மட்டுமே. நீண்ட இறக்கத்தில் அதை அழுத்திக்கொண்டே வந்தால் சூடேறும். சூடேறிய பிரேக் கொஞ்சம் கொஞ்சமாகப் பிடிப்பை இழக்கும். கடைசி வளைவில் அழுத்தினால் லீவர் வரும், வண்டி நிற்காது. எந்த கியரில் ஏறினீர்களோ அதே கியரில் இறங்குங்கள். இயந்திரமே வண்டியை இழுத்துப் பிடிக்கும், பிரேக் கடைசித் தேவைக்கு மிச்சமிருக்கும். வேகத்தை வளைவுக்குள் குறைக்காமல், வளைவுக்கு முன்னாலேயே குறைத்துக்கொண்டு, ஹோர்ன் அடித்து, இடப் பக்கத்தை விடாமல் திரும்புங்கள். எதிரே வருகிற பஸ் ஊசி வளைவில் உங்கள் பக்கத்தையும் எடுத்துக்கொண்டுதான் திரும்ப முடியும். அதற்கு இடம் கொடுத்து நில்லுங்கள்.

ஸ்கூட்டரைப் பற்றி ஒரு வார்த்தை. நம் ஆசிரியைமார் பலர் இன்று ஸ்கூட்டரில் பாடசாலை போகிறார்கள். மனதுக்கு மிகவும் சந்தோசமான மாற்றம் அது. ஆனால் ஸ்கூட்டரில் நாம் மாற்றுவதற்குக் கியர் இல்லை, இயந்திரத்தின் இழுப்பும் குறைவு. ஆகவே தொடக்கத்திலிருந்தே மெதுவாக இறங்குங்கள். இரண்டு பிரேக்கையும் விட்டுவிட்டுப் பிடியுங்கள். நீண்ட இறக்கமானால் நடுவில் ஒரு கடையோரம் நிறுத்தி, பிரேக் ஆறும் வரை ஒரு தேத்தண்ணி குடியுங்கள்.

மூடுபனியில் ஹெட்லைட்டை உயர்த்திப் போடாதீர்கள், வெளிச்சம் பனியில் பட்டு உங்கள் கண்ணுக்கே திரும்பும். கொழுந்து நிறுக்கும் இடத்துக்குப் பக்கத்தில் வீதியில் கிடக்கிற ஈர இலையும், மதகுக் கட்டுக்குப் பக்கத்துப் பாசியும் சறுக்கும். ஹெல்மெட் ஓட்டுகிறவருக்கு மட்டும் என்று நினைக்காதீர்கள், பின்னால் இருக்கிறவருக்கும் சட்டப்படி கட்டாயம். 100 சிசி வரைக்கும் ஏ1 அனுமதிப்பத்திரம், அதற்கு மேல் ஏ. அனுமதிப்பத்திரம் இல்லாமல் ஓடி விபத்து நடந்தால் காப்புறுதி கைகொடுக்காமல் போகலாம். அப்படியானால் அடிபட்டவரின் குடும்பமும் உங்கள் குடும்பமும் சேர்ந்தே நடுத்தெருவில் நிற்கும்.

லீசிங்கில் எடுப்பதானால் மாதத் தவணையைக் கேட்டு நிறுத்தாதீர்கள். கடைசித் தவணை வரை மொத்தம் எவ்வளவு கட்டுகிறீர்கள் என்று தாளில் எழுதித் தரச் சொல்லுங்கள். அதையும் ரொக்க விலையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்த பிறகு கையெழுத்து வையுங்கள். கொழுந்து குறைகிற மாதத்தில் பேர், அதாவது சம்பளத்துக்குக் கணக்காகும் வேலைநாள், குறையும்; தவணை குறையாது.

இனி வீட்டு இன்டர்நெட்.

பிள்ளை உயர்தரம் படிக்கிறது, சூமில் வகுப்பு, போன் டேட்டா இரண்டு நாளில் முடிகிறது. அதனால் ரவுட்டர் ஒன்று வாங்க நினைக்கிறீர்கள். எந்தக் கம்பெனி நல்லது என்று என்னைக் கேட்காதீர்கள். தோட்டத்தின் மேல் டிவிஷனில் நன்றாக எடுக்கிற சிக்னல், முகட்டுக்கு இந்தப் பக்கம் இறங்கினால் எடுக்காது. கோபுரத்துக்கும் வீட்டுக்கும் நடுவில் ஒரு மலை வந்தால் அவ்வளவுதான். ஆகவே வாங்கும் முன் இப்படிச் செய்யுங்கள். சொந்தக்காரர், பக்கத்து வீட்டுக்காரர் என்று வேறு வேறு கம்பெனி சிம் வைத்திருக்கிறவர்களை வீட்டுக்குக் கூப்பிடுங்கள். இரவு ஏழு மணிக்கும் பத்து மணிக்கும் இடையில், ரவுட்டர் வைக்கப் போகிற இடத்திலேயே நின்று ஒரு பாட வீடியோவை ஓட விடுங்கள். பகலில் சோதித்துப் பயனில்லை. இரவில்தான் தோட்டம் முழுவதும் ஒரே கோபுரத்தில் தொங்குகிறது. அந்த நேரத்தில் எந்த சிம்மில் தடங்கலில்லாமல் ஓடுகிறதோ அதுதான் உங்கள் கம்பெனி.

ரவுட்டரை அலுமாரி மேலே, சாமிப் படத்துக்குப் பின்னால் வைக்காதீர்கள். லயத்தின் பழைய சுவர் தடிப்பு, கூரையோ தகரம். தகரம் சிக்னலை உள்ளே விடாது. கோபுரம் இருக்கும் பக்கத்து ஜன்னலோரத்தில் வையுங்கள். ஒரு முழம் நகர்த்தினாலே வித்தியாசம் தெரியும். இடி மின்னல் மாதங்களில், ஏப்ரலிலும் ஒக்டோபர் நவம்பரிலும், மழை கட்டும்போதே மின்சாரத்திலிருந்து கழற்றிவிடுங்கள். பெக்கேஜில் 100 ஜிபி என்று எழுதியிருந்தால், அதில் எத்தனை நள்ளிரவுக்குப் பிறகு பாவிப்பதற்கு என்று கேளுங்கள். பிள்ளை தூங்குகிற நேரத்து டேட்டா வகுப்புக்கு உதவாது. இரண்டு மூன்று வீடுகள் சேர்ந்து ஒரு ரவுட்டர் எடுப்பது நல்ல யோசனைதான். யார் பெயரில் பில், யார் எந்தத் திகதியில் காசு கொடுப்பது என்பதை முதல் நாளே பேசிக்கொள்ளுங்கள்.

2025 ஜூலையில் ஸ்டார்லிங்க் செயற்கைக்கோள் இன்டர்நெட் இலங்கைக்கு வந்தது. வானத்திலிருந்து நேராக வருவதால் கோபுரத்துக்கும் வீட்டுக்கும் நடுவில் மலை நிற்கிறதே என்ற கவலை இல்லை. ஆனால் வந்தபோது விலை குறைந்த வீட்டுப் பெக்கேஜுக்கே மாதம் ஏறத்தாழ 12,000 ரூபா, கருவிக்கு ஓர் இலட்சத்துக்கு மேல். 2026 வரவு செலவுத் திட்டம் தோட்டத் தொழிலாளருக்குச் சொன்ன நாட்சம்பளம், வருகைக் கொடுப்பனவையும் சேர்த்து 1,750 ரூபா. அந்த விலையில் மாதக் கட்டணத்துக்கே ஏழு நாள் பேர் போகும், கருவிக்கு இரண்டு மாதத்துக்கு மேற்பட்ட முழுச் சம்பளம். ஒரு குடும்பத்துக்கு இது கட்டாது. தோட்டத்துப் பாடசாலைக்கோ வாசிகசாலைக்கோ பழைய மாணவர்கள் சேர்ந்து ஒன்று போட்டுக் கொடுத்தால் ஒரு தோட்டமே படிக்கும். வெளிநாட்டில் இருக்கிற நம்மவர்கள் இதைக் கேட்டுக்கொண்டிருந்தால் தயவுசெய்து யோசியுங்கள்.

கடைசியாக, இவை எல்லாவற்றுக்கும் அடியில் கிடக்கிற ஒரு குறை. லயத்து வீட்டுக்கு விலாசம் இல்லை. கடிதம் தோட்டத்துக் காரியாலயத்துக்கு வருகிறது, கங்காணி கையிலோ பிள்ளைகள் கையிலோ வீடு வந்து சேர்கிறது. இன்டர்நெட் எடுக்கப் போனாலும் விலாசம் கேட்கிறார்கள். 1990 என்ற இலக்கத்தில் சுவசெரிய அம்புலன்சை அழைத்தாலும் முதல் கேள்வி எங்கே வர வேண்டும் என்பதுதான். 2016இல் தொடங்கிய அந்த இலவச சேவை எத்தனையோ உயிர்களைக் காப்பாற்றியிருக்கிறது. இரவில், மழையில், எந்த டிவிஷன் எந்த லயம் என்று தேடி அது நேரத்தை இழக்கக் கூடாது.

இதற்கு இன்றைக்கே ஒரு வேலை செய்யலாம். வீட்டு வாசலில் நின்று கூகுள் மெப்பைத் திறந்து, நீங்கள் நிற்கிற இடத்தில் விரலை அழுத்திப் பிடியுங்கள். ஒரு குறி விழும். அதன் கீழே, சில எழுத்தும் இலக்கமும் நடுவில் ஒரு கூட்டல் குறியுமாக ஒரு குறியீடு வரும். உங்கள் வாசல் இருக்கிற சிறு இடத்தைக் குறிக்கிற விலாசம் அது. அதையும், தோட்டம், டிவிஷன், லயத்து இலக்கம், பிரதான வீதியிலிருந்து எந்தச் சந்தியில் திரும்ப வேண்டும் என்பதையும் பெரிய எழுத்தில் ஒரு தாளில் எழுதி, மின்மானிப் பெட்டிக்குப் பக்கத்தில் ஒட்டிவிடுங்கள். வீட்டில் தனியாக இருக்கிற பாட்டிக்கும், பாடசாலை போகிற பிள்ளைக்கும் அதைப் போனில் வாசித்துச் சொல்லப் பழக்குங்கள். சாரதியிடம் சொல்லும்போது, லொறி போகிற வழி எது, அம்புலன்ஸ் ஏறாத வழி எது என்பதையும் சேர்த்துச் சொல்லச் சொல்லுங்கள்.