டாலியும் லினக்சும்: நம் பிள்ளைகளின் வேலைப் பிரச்சினை



கேரளத்து அரசுப் பள்ளிகளில் படிக்கும் நம் பிள்ளைகள் கணினியை லினக்சில்தான் பழகுகிறார்கள். 2001இல் தொடங்கிய ஐ.டி. அட் ஸ்கூல் திட்டமும் அதன் வழிவந்த கைட் நிறுவனமும் செய்த நல்ல காரியம் இது. ஆனால் படிப்பை முடித்த பிள்ளை சாலைக் கடைத்தெருவில் கணக்கெழுத வேலை கேட்டுப் போனால், முதலாளி கேட்கும் முதல் கேள்வி, "டாலி தெரியுமா?" பெங்களூர்க் கம்பெனியின் டாலி விண்டோசுக்காகச் செய்யப்பட்டது. உடனே நம் வீடுகளில் வட்டிக்குக் கடன் வாங்கிப் புதுக் கணினி தேடுகிறோம்; அல்லது திருட்டு விண்டோசைப் போட்டு வைரசையும் சேர்த்துக் கொண்டுவருகிறோம்.

இதற்கு ஒரு வழி உண்டு. 1991இல் பின்லாந்து மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ் லினக்சைத் தொடங்கினார். இரண்டே ஆண்டில், 1993இல், வேறு தொண்டர்கள் 'வைன்' என்ற வேலையில் இறங்கினார்கள். அதன் முதல் நிலையான பதிப்பு வெளிவர 2008 ஆயிற்று. பதினைந்து வருட உழைப்பு! தமிழ் மட்டுமே தெரிந்த நம் ஆள் தாலுகா ஆபீசுக்குப் போனால், பக்கத்தில் நின்று மலையாளத்தில் எடுத்துச் சொல்ல ஒருவர் வேண்டும் அல்லவா? வைன் அந்த ஆள். "கோப்பைத் திற, சன்னலைக் காட்டு" என்று விண்டோஸ் நிரல் கேட்பதை லினக்சுக்குப் புரியும்படி சொல்லி வேலையை முடித்துக் கொடுக்கிறது. இதற்கு விண்டோஸ் வாங்க வேண்டியதில்லை.

டாலியின் சில பதிப்புகள் இப்படி ஓடுகின்றன. ஆனால் அச்சடிப்பதிலோ உரிமம் சரிபார்ப்பதிலோ தகராறு வரலாம். அப்போது கம்பெனி கைகொடுக்காது. திருட்டுப் பிரதி வைனில் ஓடினாலும் திருட்டுப் பிரதிதான். விண்டோஸ் வைரசும் வைன் வழியாக ஓடக்கூடும்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். 2001 ஜூலையில் ரிச்சர்ட் ஸ்டால்மன் இதே திருவனந்தபுரத்துக்கு வந்து இந்தியக் கட்டற்ற மென்பொருள் அமைப்பைத் தொடங்கிவைத்தார். ஆங்கிலத்தில் இலவசத்துக்கும் விடுதலைக்கும் ஒரே சொல் என்பதால் வந்த குழப்பம் நமக்கு வேண்டாம். மலையாளத்தார் 'சுதந்திர' என்றே சொல்கிறார்கள். அவர் வாதப்படி, பூட்டிய நிரலை லினக்சில் ஓட்டினாலும் பூட்டு பூட்டுத்தான். கொள்கையில் அவர் சொல்வது சரி. ஆனால் நாளைக்கு வேலைக்குப் போக வேண்டிய பெண்ணிடம் அதை மட்டும் சொல்லிவிட்டு நாம் நகர முடியாது.

முழுதாக மாறியவர்களும் இருக்கிறார்கள். 'ஜனயுகம்' நாளிதழ் பேஜ்மேக்கரை விட்டு 2019இல் ஸ்கிரைபஸ் முதலான கட்டற்ற நிரல்களுக்கு மாறியது. யூனிகோடு அறியாத பழைய பேஜ்மேக்கரை அடோபியே கைவிட்டிருந்தது. ஒரு பத்திரிகை தன் ஊழியர் எல்லோரையும் உட்காரவைத்துப் பழக்க முடிந்தது. சின்னக் கடைக்காரருக்கு அந்த வசதி இல்லை. அவருடைய ஆடிட்டர் டாலிக் கோப்பைத்தான் கேட்பார்.

ஆகவே சங்க வகுப்பில் இரண்டையும் கற்றுத் தருவோம். பழைய கணினியை விற்றுவிடாதீர்கள், அப்படியே கொண்டுவாருங்கள். கடைக் கணக்கு அதில் இருந்தால் முதலில் ஒரு பென்டிரைவில் பிரதி எடுத்து வீட்டில் வைத்துவிட்டு வாருங்கள்.