குறையுள்ளோரின் சாட்சி

கிறிஸ்தவ மரபில் சாட்சி வாழ்வு என்பது, ஒருவர் தம் நம்பிக்கையை ஏற்காதவர் நடுவிலும் அதைச் சொல்லாலும் நடத்தையாலும் விளங்கச் செய்வதாகும்; குறையற்றவருக்கே அத்தகுதி உண்டு என்னும் தயக்கம் பலரை வாய்மூடச் செய்துவிடுகிறது. அத்தயக்கத்தைக் களையும் வரலாறு ஒன்று ஸ்ரீவில்லிபுத்தூர், இராஜபாளையம் வட்டாரத்துக்கு உரியது.

கேம்பிரிட்ஜில் கணிதம் பயின்று, சி.எம்.எஸ். என்னும் மிஷன் சங்கத்தின் சென்னைச் செயலராக விளங்கிய தாமஸ் ராக்லாண்டு, 1854இல் இவ்வட்டாரத்தை உள்ளடக்கிய, சபைகள் அரிதாயிருந்த வட திருநெல்வேலியில், கூடாரமடித்து ஊர் ஊராய்ச் சென்று போதிக்கும் சுற்றுப்பயண ஊழியத்தைத் தொடங்கினார். நுரையீரல் நோயால் தளர்ந்த உடலோடு அவர் உழைத்தபோது, தென்பகுதிச் சபைகள் தம் செலவில் உபதேசியார்களை, அதாவது வேதம் போதிக்கும் உள்ளூர்ப் பணியாளர்களை, முறைவைத்து அனுப்பித் தோள்கொடுத்தன. 1858 அக்டோபரில் சிவகாசியில் அவர் மறைந்தபோது கண்ணுக்குத் தெரிந்த பலன் சிறிதே. எனினும் பின்வந்தோர் அப்பணியைக் கைவிடவில்லை.

சாட்சியின் வலிமை, சொல்பவரின் நிறைவில் அன்று, அவர் நம்பும் இறைவனின் இரக்கத்தில் உள்ளது என்பதே இவ்வரலாற்றின் பாடம். ஆகவே குறை சாக்காகிவிடக்கூடாது. இராஜபாளையத்து நூற்பாலையில் உடன் உழைப்பவரிடம் கடிந்து பேசிவிட்டால் மறுநாளே மன்னிப்புக் கேட்பதும், ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பால்கோவாக் கடைத் தராசில் எடை குறையாமல் நிறுப்பதும், பிற சமயத்தாரின் நம்பிக்கையை இகழாமல் அவர்தம் துயரில் முதலில் போய் நிற்பதும் பிரசங்கத்தினும் உரக்கப் பேசும்.