தேகமென்னும் தேர்

(சங்கத்தின் ஆண்டு விழாவிலே நிகழ்த்திய சொற்பொழிவு)



மனக்கவலையை அடக்கித் தேகசுகத்துடன் வாழும் வழிகளைப் பற்றிச் சில வார்த்தைகள் பேசுமாறு சங்கத்தார் அடியேனைப் பணித்தார்கள். நான் வைத்தியனல்லன், பாடசாலையிலே கணக்குச் சொல்லிக்கொடுத்து இளைப்பாறியவன். ஆயினும் இவ்விஷயத்திலே நான் செய்த தவறு ஒன்று உண்டு. அதைச் சொல்வதற்கே இன்று உங்கள் முன் நிற்கிறேன்.

முதலில் நம்மூரோடு தொடர்புடைய ஒரு சம்பவம். 1897ஆம் ஆண்டு ஜனவரி மாதம், மேல்நாடுகளிலே வேதாந்தத்தை முழங்கித் திரும்பிய சுவாமி விவேகானந்தர் கொழும்பில் வந்திறங்கினார். கண்டி வழியாக இந்த மாத்தளைக்கு வந்து ஓரிரவு தங்கினார். மறுநாட் காலை குதிரை வண்டியிலே யாழ்ப்பாணம் நோக்கிப் புறப்பட்டார். தம்புள்ளையைக் கடந்து சில மைல் தூரம் சென்றதும், ஓர் இறக்கத்திலே வண்டியின் முன்சக்கரம் முறிந்துபோயிற்று. நெடுநேரம் வழியிலே காத்திருந்து, பின் மாட்டு வண்டிகளின் உதவியோடு மெல்ல மெல்லப் பிரயாணத்தைத் தொடர்ந்தார்கள்.

அன்பர்களே, வண்டியில் இருப்பவர் உலகம் போற்றும் ஞானியாயினும், சக்கரம் முறிந்தால் வண்டி நகராது. இந்தச் சிறு சம்பவத்திலே பெரியதோர் உண்மை அடங்கியிருக்கிறது.

அதே ஆண்டிலே சுவாமிகளின் தேகமென்னும் தேரும் தளர்ந்தது. அவருக்குச் சலரோகம் இருப்பதாக வைத்தியர்கள் கண்டு, ஓய்வெடுக்கும்படி வற்புறுத்தினார்கள். டார்ஜிலிங் மலைக்குச் சென்று சில காலம் தங்கினார். ஆனால் மே மாதம் 1ஆந் தேதியே இராமகிருஷ்ண மிஷனைத் தாபித்தார். பின்னரும் ஓயாத பிரயாணம், ஓயாத பிரசங்கம். இழுப்பு நோயும் சேர்ந்து வருத்திற்று. 1902 ஜூலை 4ஆந் தேதி, 39ஆவது வயதிலே மகாசமாதி அடைந்தார். வாலிபர்களுக்கு முதலில் தேகபலம் வேண்டும், பந்தாடிப் பலம் தேடுங்கள் என்று சென்னையிலே உபதேசித்த அதே மகான்!

அவரைக் குறை கூறுவதற்காக இதைச் சொல்லவில்லை. அக்காலத்திலே சலரோகத்துக்குத் தக்க மருந்து எதுவும் இருக்கவில்லை. இன்சுலின் கனடா தேசத்து ரொறன்ரோ நகரிலே 1921இல் தான் கண்டுபிடிக்கப்பட்டது. அவர் மறைந்து 19 ஆண்டுகளின் பின். அவருக்குக் கிட்டாத வசதி நமக்குக் கிட்டியிருக்கிறது. அதை வைத்துக்கொண்டு நாம் என்ன செய்கிறோம் என்பதே கேள்வி.

நான் செய்ததைச் சொல்கிறேன். எனக்குச் சீனி வருத்தம் என்று தெரிந்தபோது வயது 46. பிள்ளைகளின் படிப்பு, வீட்டுக் கடன், பாடசாலை விட்டபின் இரவு ஒன்பது மணிவரை ரியூசன். பகலிலே சீனி அள்ளிப் போட்ட தேத்தண்ணியும் பணிசுமே ஆகாரம். நித்திரை ஐந்து மணி நேரம். கிளினிக் வரிசையிலே நிற்கும்போது என் மாணாக்கரின் பெற்றோர் கண்டால் என்ன நினைப்பார்களோ என்று வெட்கப்பட்டேன். மாத்திரையை நிறுத்தினேன். பாகற்காய்ச் சாறு குடித்தேன், கறுவாத் தண்ணீர் குடித்தேன். “நான் இயற்கை வைத்தியம் செய்கிறேன்” என்று பெருமையும் பேசினேன்.

எட்டு மாதம் சென்றது. ஒருமுறையேனும் இரத்தத்தைச் சோதிக்கவில்லை. ஒருநாள் செருப்புக் கடித்துக் காலிலே சிறு கொப்புளம். சலரோகம் முற்றினால் காலின் நரம்புகள் உணர்விழக்கும் என்பதை அன்று அறியேன், நோவு தெரியவில்லை. கண்டவள் என் மனைவி. அப்போது காலம் கடந்துவிட்டது. இடது காலின் சின்ன விரலை எடுத்துவிட்டார்கள்.

பாகற்காயின்மேல் குற்றமில்லை, கறுவாவின்மேலும் குற்றமில்லை. குற்றம் என் பயத்தினுடையது. அந்தப் பயத்துக்கு “இயற்கை” என்ற நல்ல பெயரைச் சூட்டி அதன் பின்னே ஒளித்துக்கொண்டேன்.

உண்மையிலே மூலிகையும் ஆஸ்பத்திரி மருந்தும் பகையல்ல. சலரோகத்துக்கு இன்று பெரும்பாலும் கொடுக்கும் மெட்போமின் என்ற மாத்திரை, ஐரோப்பிய நாட்டு வைத்தியர்கள் வழங்கிவந்த கலேகா என்னும் பூண்டை ஆராய்ந்த வழியிலே பிறந்தது. 1957இல் பிரான்ஸ் தேசத்து வைத்தியர் ஜான் ஸ்டேர்ன் அதன் பயனை வெளியிட்டார். மறுபக்கத்திலே, இயற்கையானதெல்லாம் தீங்கற்றது என்பதும் பிழை. நம் மாத்தளைத் தோட்டங்களிலே விளையும் கறுவா வேறு. கடைகளிலே கறுவா என்று விற்கும் கசியாப் பட்டை வேறு. கசியாவிலே குமரின் என்ற பொருள் அதிகம். அளவு மீறினால் ஈரலைக் கெடுக்கும். ஆகவே மூலிகை வேண்டுமாயின், பதிவு பெற்ற சித்த அல்லது ஆயுர்வேத வைத்தியரிடம் செல்லுங்கள். ஆஸ்பத்திரி மருந்தையும் அவரிடம் காட்டுங்கள். எதையும் தாமாக நிறுத்தாதீர்கள்.

இனி மனக்கவலைக்கு வருவோம். பயமோ கோபமோ எழும்போது அதிரினலின், கோட்டிசோல் என்னும் சுரப்புகள் இரத்தத்திலே கலக்கின்றன. நெஞ்சு படபடக்கிறது, ஈரல் தன்னிடமுள்ள சீனியை வெளியே விடுகிறது. புலியைக் கண்டு ஓடுபவனுக்கு இது உதவி. கடன் கணக்கை நினைத்துக் கதிரையிலே குந்தியிருப்பவனுக்கு இது நஞ்சு. ஓடாத காலுக்குக் கிடைத்த சீனி இரத்தத்திலேயே தங்கிவிடுகிறது. மனத்தின் பாரத்தைத் தேகம் சுமக்கிறது என்பது இதுதான்.

இதற்குச் செலவில்லாத மருந்துகள் நம்மிடமே உண்டு. முதலாவது, நடை. வாரத்துக்கு 150 நிமிட நேரமாவது சுறுசுறுப்பான தேகாப்பியாசம் வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் கூறுகிறது. நாளொன்றுக்கு அரை மணி நேரமாக ஐந்து நாள் நடந்தாற் போதும். இரண்டாவது, மூச்சு. மெதுவாக உள்ளிழுத்து, அதனிலும் மெதுவாக வெளியே விடுங்கள். நிமிடத்துக்கு ஆறு மூச்சளவில் சிறிது நேரம் இருந்தால் நெஞ்சின் படபடப்புத் தணியும். நம் முன்னோர் சந்தியாகாலத்திலே அமர்ந்து செய்ததும் இத்தகைய பயிற்சியே. மூன்றாவது, நித்திரை. வளர்ந்தவருக்கு ஏழு மணி நேரமாவது வேண்டும். கைத்தொலைபேசியைத் தலைமாட்டிலே வைத்து அதைத் திருடாதீர்கள். நான்காவது, ஆகாரம். திருவள்ளுவர் மருந்து என்ற அதிகாரத்திலே பெரிதும் பேசுவது உணவின் அளவைப் பற்றியே என்பதைக் கவனியுங்கள். குரக்கனும், பருப்பும், வல்லாரைச் சம்பலும் நம் வீட்டிலே இருக்க, பணிசுக்கு ஏன் ஓட வேண்டும்?

ஐந்தாவது, எல்லாவற்றிலும் பெரியது: மனப்பாரத்தை வாய்விட்டுச் சொல்லுதல். வாலிபர்களே, பரீட்சையிலே தவறினாலும், வேலை கிட்டாவிட்டாலும், மனம் இருண்டாலும் தனியே கிடந்து மாளாதீர்கள். தாயிடம், அண்ணனிடம், ஆசிரியரிடம் சொல்லுங்கள். வீட்டிலே சொல்லக் கூசினால் தேசிய மனநல நிறுவகத்தின் 1926 என்ற தொலைபேசி இலக்கம் இருக்கிறது. பெரியோர்களே, பிள்ளை சொல்ல வரும்போது புத்திமதியைப் பிறகு சொல்லுங்கள், முதலிலே காதுகொடுங்கள்.

மாசிமகத்திலே நம் முத்துமாரியம்மன் ஆலயத்தின் ஐந்து தேர்களும் வீதியுலா வருகின்றன. எந்தத் தேரையும் ஒருவர் தனியே இழுப்பதில்லை. சக்கரத்தைப் பார்க்காமல் எவரும் வடத்தைத் தொடுவதுமில்லை. உங்கள் தேகமும் அத்தகைய தேரே. உள்ளிருக்கும் தெய்வத்தின் பொருட்டேனும் சக்கரத்தைப் பாருங்கள். இழுக்க முடியாதபோது கைகொடுக்கக் கூப்பிடுங்கள்.

நான் ஒன்பது கால்விரல்களோடு நின்று இதைச் சொல்கிறேன். நீங்கள் பத்து விரல்களோடும் நின்று அடுத்த தலைமுறைக்குச் சொல்ல வேண்டும். இதுவே என் பிரார்த்தனை.