மூலிகையும் பரீட்சையும்



பெண்ணுக்கு எதற்கு இரசாயன சாஸ்திரம் என்று கேட்கிறவர்கள் எந்த நாட்டில்தான் இல்லை? மோரீஸ் தீவில் சூரினாம் என்ற கிராமத்தில் 1959-ல் பிறந்த அமீனா குரீப் என்னும் பெண், தான் இரசாயனம் படிக்கப் போவதாகச் சொன்னபோது, படிப்புக்கு வழிகாட்டுவதற்கென்றே இருந்த உத்தியோகஸ்தர், "அது ஆண்பிள்ளைகள் படிப்பு, படித்து வந்தாலும் உனக்கு வேலை கிடையாது" என்ற கருத்தில் புத்தி சொன்னாராம். வழிகாட்டுவது என்பதற்கு இதுவல்லவோ அர்த்தம்!

அந்தம்மாள் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. இங்கிலாந்து சென்று 1983-ல் சரே சர்வகலாசாலையில் பட்டமும், 1987-ல் எக்ஸிடர் சர்வகலாசாலையில் டாக்டர் பட்டமும் பெற்றுத் திரும்பினார். இல்லையென்று சொல்லப்பட்ட வேலை கிடைத்தது மாத்திரமல்ல. மோரீஸ் சர்வகலாசாலையில் பேராசிரியையாகி, விஞ்ஞானப் பகுதியின் தலைவராகவும், பின்னர் துணைவேந்தருக்கு அடுத்த ஸ்தானத்திலும் 2010 வரை இருந்தார்.

நிற்க. பதவிகளைவிட அவர் செய்த வேலையைத்தான் நான் முக்கியமாய்ச் சொல்ல வந்தேன். மூலிகை விஷயத்தில் மக்கள் இரண்டு கட்சி. பாட்டி சொன்னாள், ஆகவே கண்ணை மூடிக்கொண்டு விழுங்கு என்பது ஒன்று. பட்டிக்காட்டான் மருந்து, ஆகவே குப்பையில் போடு என்பது மற்றொன்று. இரண்டு பேரும் சோதித்துப் பார்க்கிறவர்கள் அல்லர். இந்த அம்மாளோ மோரீஸ், ரோட்ரீக்ஸ் தீவுகளில் ஜனங்கள் எந்த இலையை எந்த நோய்க்கு உபயோகிக்கிறார்கள் என்பதைக் கேட்டு எழுதிவைத்தார். பிறகு இலையை உலர்த்திச் சத்தை இறக்கி, அதிலுள்ள பொருள்களைப் பிரித்து, நோய்க்கிருமிகளின் மேல் விட்டுப் பார்ப்பது. கிருமி செத்தால் செத்தது. சாகாவிட்டால் யார் சொன்ன மருந்தாயிருந்தால் என்ன? கிருமி செத்தாலும் மனிதனுக்கு அது விஷமா என்று தனியே பார்க்கவேண்டும். கிருமிக்குப் பாட்டியையும் தெரியாது, பட்டதாரியையும் தெரியாது.

இந்த ஆராய்ச்சிக்காக 2007-ல் விஞ்ஞானப் பெண்களுக்கான லோரியல்-யுனெஸ்கோ பரிசு கிடைத்தது. 2015-ல் மோரீஸ் குடியரசின் முதல் பெண் ஜனாதிபதியானார். ஒரு தர்ம ஸ்தாபனம் கொடுத்த கிரெடிட் கார்டில் சொந்தச் சாமான் வாங்கினார் என்ற புகார் எழுந்து, 2018 மார்ச்சில் அந்தப் பதவியை விட்டார். குற்றம் செய்யவில்லை என்பது அவர் கட்சி. நாம் யாரையும் பூஜிக்க வரவில்லையாதலால் இதையும் சொல்லிவிடுகிறேன்.

அவருடைய அவசரத்துக்குக் காரணம் ஒன்றுண்டு. அத்தீவில் நல்ல நிலையில் மிஞ்சியுள்ள பழங்காடு நூற்றுக்கு 2 பங்குகூட இல்லை. அங்கேயே பிறந்த டோடோப் பறவை 17-வது நூற்றாண்டிலேயே பூண்டோடு அழிந்தது. இன்று அதை ஆராய்கிறவனுக்கு அகப்படுவது பெரும்பாலும் எலும்புதான். செடி அழிந்தால் எலும்புகூட மிஞ்சாது.