ஊரைக் காட்டும் நிலப்படம்



நிலப்படம் என்றவுடன் பள்ளிச் சுவரில் ஆணியில் தொங்கும் பெருந்தாளே பலர்க்கு நினைவில் எழும். மாணவன் எழுவான், கேட்ட தலைநகரைக் குச்சியால் தொடுவான், அமர்வான். அத்துடன் பாடம் முடிந்துவிடும். நைல் ஆறு எக்கடலில் கலக்கிறது என்று தடையின்றிச் சொல்லும் பிள்ளை, தன் ஊர் ஏரிக்கு நீர் எவ்வழியாக வருகிறது என்று கேட்டால் விழிக்கிறான். இது பிள்ளையின் பிழையன்று. நிலப்படத்தை வெறும் பெயர்ப்பட்டியலாக்கிக் கற்பிக்கும் முறையின் பிழை.

படத்தைப் பார்த்து 'எங்கே' என்று மட்டும் கேட்பவன் பாதிப் பாடமே படித்தவன். 'ஏன் அங்கே' என்று கேட்பவனே மாந்தர் வாழ்வைப் படிக்கிறான். மலை எங்ஙனம் தோன்றியது என்பது நிலத்தின் வரலாறு. அம்மலையடியில் மக்கள் ஏன் குடியேறினர், என்ன விளைத்தனர், எவ்வழியே போய் வந்தனர், யாரை அணைத்துக்கொண்டனர், யாரை விலக்கி வைத்தனர் என்பது மாந்தப் புவியியல்.

இக்கல்வி மேலைநாட்டார் தந்த புதுச்சரக்கு என்று எண்ணுதல் வேண்டா. தொல்காப்பியம் நிலத்தையும் பொழுதையும் முதற்பொருள் என்றது. அந்நிலத்து உணவு, மரம், விலங்கு, பறை, தொழில் ஆகியவற்றைக் கருப்பொருள் என்றது. அங்கு வாழும் மாந்தர்தம் அகவொழுக்கத்தை உரிப்பொருள் என்றது. நிலமும் தொழிலும் நெஞ்சமும் ஒரே கோவையாக இணைந்தவை என்று கண்ட பார்வை அது. பின்வந்த சோழர் காலத்துக் கல்வெட்டுகள், கொடைநிலத்தின் நான்கு எல்லைகளையும் வாய்க்கால், வழி, அயல்நிலம் எனப் பெயர் சுட்டிப் பொறித்துள்ளன. அவை சொல்லால் வரையப்பட்ட நிலப்படங்கள் அல்லவா? முதலாம் இராசராசன் 1001-ஆம் ஆண்டையொட்டி நிலம் அளப்பித்தான் என்பதும் வரலாறு.

இனி, பெரம்பலூர், அரியலூர் மாவட்டங்களின் படத்தை விரித்து வைத்து, 'ஏன் அங்கே' என்னும் வினாவைத் தொடுத்துப் பார்க்கலாம்.

படத்தின் கிழக்குப் பாதியில் பைஞ்சுதை (சிமெண்டு) ஆலைகள் நெருங்கிக் கிடக்கின்றன. ஏன் அங்கே? சுண்ணாம்புக்கல் அங்கே கிடைப்பதால். சுண்ணாம்புக்கல் ஏன் அங்கே? அந்நிலம் முன்னொரு காலத்தில் கடலடியில் இருந்ததால். சாத்தனூரில் பதினெட்டு மீட்டர் நீளத்திற்குக் கிடக்கும் கல்மரம் அதற்குச் சான்று. ஏறத்தாழ 12 கோடி ஆண்டுகட்கு முற்பட்டதெனக் கணிக்கப்படும் அம்மரத்தை 1940-இல் நிலப்பொதியியல் அறிஞர் எம்.எசு. கிருட்டிணன் கண்டறிந்து உலகிற்கு அறிவித்தார். கடல் இருந்தது, சுண்ணாம்புக்கல் படிந்தது. கல் இருந்தது, ஆலை வந்தது. விழுப்புரத்திலிருந்து திருச்சிராப்பள்ளிக்குச் செல்லும் இருப்புப்பாதை அரியலூரைத் தொட்டுச் சென்றது. ஆலைக்கு வழி கிடைத்தது. ஆலை வந்ததும் உழவன் மகன் ஆலைத் தொழிலாளியானான். சரக்குந்துகள் சாலைகளை நிறைத்தன. விளைநிலம் சுரங்கக் குழியாயிற்று. ஒரு சிறு குறியீட்டின் பின்னே இத்தனை வாழ்வும் தாழ்வும் அடங்கிக் கிடக்கின்றன. இதனைக் காணாமல் 'அரியலூர் – சிமெண்டு' என்று மனப்பாடம் செய்வதனால் யாது பயன்?

அதே இருப்புப்பாதையில் இன்னும் தென்மேற்கே சென்றால், திருச்சிராப்பள்ளி மாவட்டத்துக் கல்லக்குடி வரும். அங்கும் சுண்ணாம்புக்கல், அங்கும் ஆலை. ஆனால் ஆலை முதலாளியின் பெயர் ஊரின் பெயரை விழுங்கிற்று. தொடர்வண்டி நிலையத்தில் 'டால்மியாபுரம்' என்று எழுதினர். 1953 சூலைத் திங்களில் கல்லக்குடி என்னும் பெயரை மீட்கத் தமிழிளைஞர் தண்டவாளத்தில் தலைவைத்துப் படுத்தனர். படத்தில் ஓர் ஊரின் பெயரை மாற்றுதல் எழுத்து வேலை மட்டும் அன்று. அது தலைமுறை தலைமுறையாக அங்கு வாழ்ந்தவர்களை அழிக்கும் வேலை. இதனை உணர்ந்தமையால் எழுந்ததே அப்போராட்டம்.

அடுத்து மேற்குப் பாதியைக் காண்க. சென்னை–திருச்சிராப்பள்ளி நெடுஞ்சாலை பெரம்பலூரை ஊடறுத்துச் செல்கிறது. அதன் ஓரத்தில் இரஞ்சன்குடிக் கோட்டை நிற்கிறது, அணித்தே வாலிகண்டபுரம். கோட்டை ஏன் அங்கே? வடக்கிலிருந்து திருச்சிராப்பள்ளிக்குப் படைநடத்துவோர் அவ்வழியே போந்தமையால். 1751-இல் ஆர்க்காட்டு நவாபு பட்டத்திற்குப் போட்டியிட்ட இருவர் பக்கமும் ஆங்கிலேயரும் பிரெஞ்சியரும் பிரிந்து நின்று அப்பகுதியிலேதான் மோதினர். படைநடந்த வழியிலே இன்று பேருந்து நடக்கிறது. அரசுகள் மாறின, வழி மாறவில்லை.

மக்கள்தொகைப் படத்தையும் காண்க. 2011-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் பெரம்பலூர் மாவட்ட மக்கள்தொகை 5,65,223. அன்றைய தமிழ்நாட்டு மாவட்டங்களுள் இதுவே மிகச் சிறியது. சதுர கிலோமீட்டருக்கு மாநில அளவில் 555 பேர். பெரம்பலூரிலோ ஏறத்தாழ 320 பேர். ஏன்? காவிரி வாய்க்கால் எட்டாத நிலம் இது. மழையையும் ஏரியையும் கிணற்றையும் நம்பி மக்காச்சோளமும் பருத்தியும் சின்ன வெங்காயமும் விளைக்கும் புன்செய். நீர் திரண்ட இடத்தில் மக்கள் திரள்வர். நீர் அருகிய இடத்தில் மக்கள் பரந்து வாழ்வர்.

இங்கு ஓர் எச்சரிக்கையும் வேண்டும். படத்தின் மூலையில் ஆண்டு குறித்திருக்கும். முதலில் அதனைப் பார்க்க வேண்டும். 1991-ஆம் ஆண்டுப் படத்தில் பெரம்பலூர் மாவட்டமே இராது. அது 1995-இல் திருச்சிராப்பள்ளியிலிருந்து பிரிந்தது. அரியலூர் 2007-இல் நிலையாகத் தனி மாவட்டமாயிற்று. ஆண்டைப் பாராமல் ஒரு படத்தின் எண்ணை மற்றொரு படத்தின் எண்ணோடு ஒப்பிடுபவன், பாதி வயலின் விளைச்சலை முழு வயலின் விளைச்சலோடு ஒப்பிடுபவனே ஆவான்.

இவை பெரிய படங்கள். இவற்றினும் கூர்மையானது ஊர் ஆட்சி அலுவலரிடம் (வி.ஏ.ஓ.) உள்ள ஊர்ப்படம். புல எண், நன்செய், புன்செய், ஏரி, ஓடை, களம், மேய்க்கால், நத்தம் என்று அதில் உள்ள சொற்களுள் பெரும்பாலானவை நல்ல தமிழ். ஒருகாலத்தில் 'தாலுகா', 'பிர்க்கா', 'சமாபந்தி' என்றிருந்தவை வட்டம், குறுவட்டம், வருவாய்த் தீர்வாயம் என்று மாறி ஆட்சியில் நடைமுறைக்கு வந்துவிட்டன. தமிழால் இயலாது என்றோர் வாய், நாளும் நடக்கும் நடைமுறையால் அடைபட்டது.

ஆயினும் அவ்வூர்ப்படம் பெருமையை மட்டும் காட்டாது, இழிவையும் காட்டும். ஊர் ஓரிடம், சேரி வேறிடம். இடையே ஓர் ஓடையோ வெட்டவெளியோ. சுடுகாடும் இரண்டு. இஃது ஏதோ ஓர் ஊரின் குறையன்று. தமிழகச் சிற்றூர்கள் பலவற்றின் படமும் இதனையே காட்டும். ஏன் அங்கே? மலையோ ஆறோ இட்ட கோடு அன்று அது; மாந்தன் இட்ட கோடு. தமிழர் ஓரினம் என்று மேடையில் முழங்குவோர் தத்தம் ஊர்ப்படத்தை ஒருமுறை விரித்துப் பார்க்கட்டும். சாதி ஒழிந்தது என்பதற்கு மேடைமுழக்கம் சான்றாகாது. படத்தில் அக்கோடு அழிந்தால் அதுவே சான்று.

பெயர்களின் நிலையும் எண்ணத்தக்கது. ஆங்கிலேயர் 1802-இல் பரங்கிமலையருகே அடிக்கோடு அளந்து பெரும் நிலவளவையைத் தொடங்கினர். அவர்தம் படங்களில் தூத்துக்குடி 'டூட்டிக்கொரின்' ஆயிற்று. தரங்கம்பாடி 'டிரான்குபார்' ஆயிற்று. 2020 சூனில் தமிழ்நாட்டு அரசு 1,018 ஊர்ப்பெயர்களின் ஆங்கில எழுத்துக்கூட்டலைத் தமிழ் ஒலிப்பிற்கேற்ப மாற்றும் ஆணையை வெளியிட்டது. சில நாள்களிலேயே அது திரும்பப் பெறப்பட்டது. ழகர, ளகர, றகரங்களை ஆங்கில எழுத்தில் எவ்வாறு காட்டுவது என்னும் சிக்கல் எளிதன்று. ஆனால் தமிழ் எழுத்தில் அச்சிக்கல் ஏது? தமிழ்ப்பிள்ளை தமிழ் எழுத்தில் அமைந்த படத்தையே முதற்கண் படித்தல் வேண்டும் என்பதற்கு இதனினும் தெளிவான கரணியம் வேண்டுமோ?

படம் படித்தல் ஒருபுறம் இருக்க, படம் வரைதல் அதனினும் சிறந்தது. 1854-இல் இலண்டனில் கக்கல்கழிச்சல் (காலரா) நோயால் மக்கள் மடிந்தனர். கெட்ட காற்றே நோய்க்குக் கரணியம் என்று பலரும் நம்பினர். சான் சுநோ என்னும் மருத்துவரோ நோய் நீரால் பரவுகிறது என்று கருதினார். இறந்தோர் வாழ்ந்த இடங்களை ஆராய்ந்தார். இறப்புகள் பிராட்டுத் தெருவின் ஒரு நீரேற்றுக்குழாயைச் சூழ்ந்திருந்தன. அவர் சொற்படி அக்குழாயின் கைப்பிடி கழற்றப்பட்டது. அவ்விறப்புகளை ஒவ்வொன்றாகக் குறித்து அவர் வரைந்த தெருப்படம் பிற்காலத்தார்க்குப் பாடமாயிற்று. விலையுயர்ந்த கருவி ஏதும் அப்படத்திற்கு வேண்டியிருக்கவில்லை.

ஆகவே, குரும்பலூர் மாணவர்க்கும் அவர்தம் ஆசிரியர்க்கும் நான்கு வேலைகள் உள.

முதலாவது, ஊர்ப்படத்தைப் பார்த்துப் படியெடுத்தல். இரண்டாவது, ஏரிக்கு நீர்வரும் வாய்க்காலைக் கரையோடு நடந்து சென்று, எங்கே தூர்ந்தது, எங்கே அடைபட்டது என்று படத்தில் குறித்தல். மூன்றாவது, ஒவ்வொரு வயலுக்கும் ஓடைக்கும் மேட்டுக்கும் முதியோர் வழங்கும் பெயரைக் கேட்டுத் தமிழிலேயே எழுதுதல். புல எண் ஆவணத்தில் நிற்கும், பெயரோ முதியோருடன் மறைந்துவிடும். நான்காவது, ஏதேனும் ஒரு வினாவை எடுத்துக்கொண்டு வீடுவீடாகக் குறித்தல். எத்தெருவிற்குக் குடிநீர் எத்தனை நாளுக்கொருமுறை வருகிறது? எவ்வீட்டார் பிழைப்பைத் தேடி வெளியூரும் வெளிநாடும் சென்றனர்? எங்கே காய்ச்சல் மிகுதி? விடையைப் படமே சொல்லும். பொதுமக்களே பெயர்களைச் சேர்க்கக்கூடிய இணையப் படங்களும் இன்று உள. வேண்டுவது தமிழில் எழுதும் கை ஒன்றே.

வாய்க்காலை அடைத்தவன் 'இங்கு வாய்க்காலே இருந்ததில்லை' என்று ஒருநாள் சொல்வான். அன்று ஊரார் கையில் ஆண்டு குறித்த படம் ஒன்று இருந்தால், அவன் வாய் அடைபடும். இல்லையேல் ஊரார் வாய் அடைபடும். நிலத்தை அறியாதவன் நிலத்தைக் காக்க மாட்டான். உலகப்படத்தைச் சுவரில் மாட்டுங்கள். அதன் அருகே, பிள்ளைகள் தம் கையால் வரைந்த குரும்பலூர்ப் படத்தையும் மாட்டுங்கள். தமிழ்நிலக் கல்வி அங்கிருந்து தொடங்கட்டும்.

வாழ்க தமிழ்! வளர்க தமிழ்நிலம்!